இரண்டாவது ட்ரே

கல்யாண வீடியோ எடுக்கும் எங்கள் ஸ்டுடியோவின் சர்வரில் இடம் தீர்ந்தபோது, நான்கு டிஸ்க் போடும் யூஎஸ்பி பெட்டி ஒன்றை வாங்கினேன். "உள்ளே எல்லாம் ஒண்ணுதான் சார், எத்தனை ட்ரேன்னு மட்டும் பாருங்க" என்றார் கடைக்காரர். நம்பினேன். டிஸ்க்குகளைச் செருகி, இசட்எஃப்எஸ்ஸில் ரெய்டு-இசட்1 அமைத்து, வீடியோக்களை ஏற்ற இரண்டு நாள். ஏழு மாதம் ஒழுங்காக ஓடியது.

பிறகு ஒரு டிஸ்க் தகராறு செய்தது. எது என்று பார்த்தால், சர்வரின் பட்டியலில் நான்குக்கும் ஒரே சீரியல் நம்பர்! பெட்டிக்குள் இருந்த யூஎஸ்பி சிப் டிஸ்க்குகளின் நம்பரை மறைத்து, தன் நம்பரையே நான்கு முறை காட்டியிருக்கிறது. ஸ்மார்ட் விவரம் கேட்டாலும் பதில் இல்லை. இடமிருந்து எண்ணி, இரண்டாவது ட்ரேதான் என்று நானே முடிவுகட்டி, பெட்டியை அணைத்து உருவினேன்.

அது நல்ல டிஸ்க். அதை அன்று மாலையே கடைப்பையன் வாரண்டிக்கு எடுத்துப் போய்விட்டான். அதன் இடத்தில் போட்ட புது டிஸ்க் பாதி நிரம்பியபோது, நள்ளிரவில், உண்மையிலேயே பழுதான டிஸ்க் நின்றது. ரெய்டு-இசட்1 ஒரு டிஸ்க் போனால் தாங்கும், இரண்டு போனால் தாங்காது. பழைய வேலைகளுக்கு வேறு நகல் இருந்தது. கடைசி மூன்று கல்யாணங்களுக்கு இல்லை, கேமரா கார்டுகளையும் அழித்துவிட்டிருந்தோம். ஒரு பெண்ணின் அப்பா தாலி கட்டும் காட்சியாவது கிடைக்குமா என்று மூன்று முறை வந்து கேட்டார். என்ன சொல்வது?

அதனால் சொல்கிறேன், சர்வருக்கு யூஎஸ்பி பெட்டி வேண்டவே வேண்டாம். நான்கு டிஸ்க்கும் ஒரே சிப்பை நம்பியிருக்கின்றன. ஒன்று திணறி அந்த சிப் ரீசெட் ஆனால் நான்கும் சேர்ந்தே மறையும். சாஸ் பெட்டி வாங்குங்கள். நான் வாங்கியது பழைய டெல் எம்டி1200. 12 டிஸ்க், இரண்டு பவர் சப்ளை. சர்வரில் எல்எஸ்ஐ 9207-8இ கார்டு, இரண்டு பக்கமும் எஸ்எஃப்எஃப்-8088 முனை. கேபிள் வாங்கும்முன் இந்த முனையைச் சரிபாருங்கள், புதிய கார்டுகளில் 8644 வரும். என் சாட்டா டிஸ்க்குகளும் இதில் ஓடுகின்றன. எந்த டிஸ்க் என்று கேட்டால் அந்த ட்ரேயின் விளக்கு மட்டும் மினுக்குகிறது.

"செகண்ட் ஹேண்டுக்கு இவ்வளவா மாப்ள?" என்றார் மச்சான். முதல் பெட்டியைப் புதிதாக, மலிவாக வாங்கச் சொன்னவரும் அவர்தான். பழைய பெட்டி என்பதில் எனக்கு வெட்கமே இல்லை.

டேட்டா ஏற்றும்முன் ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் ட்ரேயின் முகப்பில் எழுதி ஒட்டுங்கள். ரெய்டு-இசட்2 போடுங்கள். காலியாக இருக்கும்போதே ஓடுகிற டிஸ்க் ஒன்றை உருவிப் பாருங்கள், மற்றவை அசையக் கூடாது. விசிறிச் சத்தம் பலமாக இருக்கும். நான் பெட்டியைப் பின்கட்டு அறையில் வைத்திருக்கிறேன்.