தில்லியின் ஓவியங்களும் பேய் உலவும் இடங்களும்

தலைநகர் தில்லியைக் காணச் செல்வோர்க்கு இருவகைப் பட்டியல்கள் கிடைக்கும். ஒன்று ஓவியக் கூடங்களின் பட்டியல். 1950இல் தோன்றிய திரிவேணி கலா சங்கம், 1954 முதல் ஜெய்ப்பூர் இல்லத்தில் இயங்கும் தேசிய நவீன ஓவியக் கூடம், 2015 முதல் லோதி காலனிச் சுவர்களில் தீட்டப்பெற்றுவரும் பேரோவியங்கள் என அது நீளும். மற்றொன்று பேய் உலவும் இடங்களின் பட்டியல். கூனி தர்வாசா, அக்ரசேன் பாவ்லி, ஜமாலி கமாலி பள்ளிவாசல், மால்ச்சா மஹால், பிரோஸ் ஷா கோட்லா ஆகியன அதில் தவறாது இடம்பெறும். முதற்பட்டியலை நாடுவோர் சிலர். இரண்டாவதை நாடும் இளைஞரோ பலர்.

இரண்டும் தொடர்பற்றவை போலத் தோன்றும். அவ்வாறன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஒரு துயரத்தை எவரேனும் வரைந்தோ எழுதியோ வைத்திருந்தால் அது வரலாறாக நிலைபெறுகின்றது. அவ்வாறு வைக்கப்படாததும், வைத்தும் நாம் பாராது விட்டதும் பேய்க்கதையாக மாறிவிடுகின்றன. இரண்டாம் பட்டியலிலுள்ள கட்டடங்களுட் பெரும்பாலானவை முஸ்லிம் மன்னர் காலத்தவை. எனவே இச்செய்தி நமக்கு வெறும் பொழுதுபோக்கன்று.

பேய் உண்டா, இல்லையா என்னும் வழக்கை இங்கு நாம் எடுக்கவில்லை. இறந்தோர் ஆவியாய் அலைந்து திரிவர் என்பது இஸ்லாமியக் கொள்கையன்று. ஜின் என்னும் படைப்பு உண்டு; திருக்குர்ஆனின் 72ஆம் அத்தியாயம் அப்பெயரையே தாங்கியுள்ளது. ஆயினும், மனிதருட் சிலர் ஜின்களிடம் புகலிடம் தேடியதை அவ்வத்தியாயமே கடிந்துரைக்கின்றது. ஆதலின், கதை எந்த இடத்தின்மேல் படிகின்றது, ஏன் படிகின்றது என்பதே நாம் ஆராயத்தக்கது.

கூனி தர்வாசாவை முதலிற் காண்போம். தமிழர் செவிக்கு இது கூனியின் வாயில் எனப்படலாம். 'கூன்' என்பது உருதுவில் குருதி. எனவே குருதி வாயில் என்பதே பொருள். ஷேர் ஷா சூரியின் காலத்ததாகக் கருதப்படும் இவ்வாயிலின் மேற்கூரையிலிருந்து மழைக்காலத்தில் இரத்தம் சொட்டும் என்பது கதை. நடந்தது என்ன? 1857 செப்டம்பர் 22ஆம் நாள், ஹுமாயூன் கல்லறையில் சரணடைந்த மிர்சா முகல், மிர்சா கிஸ்ர் சுல்தான் என்னும் இரு இளவரசர்களையும், பேரர் மிர்சா அபூபக்கரையும் ஆங்கிலத் தளபதி ஹாட்ஸன் இவ்விடத்தே சுட்டுக் கொன்றான். உடல்கள் சாந்தினி சவுக்கில் மக்கள் காணக் கிடத்தப்பட்டன. சரணடைந்தோரை விசாரணையின்றிக் கொன்ற செயல் அது. சொட்டும் குருதியைப் பேசும் கதையில் கொன்றவன் பெயர் இல்லை. 2002இல் இவ்வாயிலின் உள்ளே ஒரு கல்லூரி மாணவி வன்கொடுமைக்கு ஆளானார். அதன்பின் அது பூட்டப்பட்டது. அன்று அங்கே அஞ்சத்தக்கவராய் இருந்தோர் உயிரோடிருந்த மனிதரே.

1857க்கு முந்திய தில்லியை நமக்குக் காட்டுவது ஓர் ஓவியம். மஸ்ஹர் அலி கான் என்னும் தில்லி ஓவியர் 1846இல் செங்கோட்டையின் லாகூர் வாயில்மீது நின்று நாற்புறமும் நோக்கி, நகரம் முழுவதையும் ஏறத்தாழ 5 மீட்டர் நீளமுள்ள சுருளில் வரைந்தார். மாளிகைகள், மாடங்கள், பள்ளிவாசல்கள் யாவும் அதில் உள்ளன. அடுத்த ஆண்டு, 1847இல், பிற்காலத்தில் அலிகார் கல்லூரியை நிறுவிய சர் சையது அகமது கான் 'ஆஸாருஸ் ஸனாதீத்' என்னும் நூலை வெளியிட்டார். தில்லியின் கட்டடங்களை நேரிற் கண்டு, அளந்து, கல்வெட்டுகளைப் படியெடுத்து, ஓவியரைக் கொண்டு படம் வரைவித்து எழுதிய நூல் அது. பத்தே ஆண்டுகளில் கிளர்ச்சி வெடித்தது. கோட்டையினுள்ளும் அதனைச் சூழ்ந்தும் இருந்த கட்டடங்களுட் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. ஜாமிஆ பள்ளிவாசலே 1862 வரை முஸ்லிம்களுக்குத் திருப்பித் தரப்படவில்லை. இன்று மறைந்துபோன கட்டடங்கள் பலவற்றிற்கு அச்சுருளும் அந்நூலுமே சான்று. மஸ்ஹர் அலி கானின் சுருளோ இலண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றது. தில்லி மாணவர் ஒருவர் தம் நகரின் முகத்தைக் காணக் கடல் கடக்கவேண்டியுள்ளது!

அக்ரசேன் பாவ்லி என்பது கன்னாட் பிளேசுக்கு அண்மையில் உள்ள படிக்கிணறு. அதன் கருநீர் மக்களை மயக்கி உள்ளிழுத்துக் கொள்ளும் என்பர். இரகு ராய் 1971இல் எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. நீர் நிறைந்த அதே கிணற்றில் ஒரு சிறுவன் உயரத்திலிருந்து பாய்கின்றான். பின்னணியில் நகரின் புதிய உயர்மாடிக் கட்டடம் எழுந்து நிற்கின்றது. மகிழ்ச்சியன்றி வேறெதனையும் அப்படத்திற் காணோம். இன்று கிணறு பெரும்பாலும் வறண்டு கிடக்கின்றது. நீர் எங்கே போயிற்று என்று கேட்பதைவிட, நீர் ஆளை விழுங்கியது என்று சொல்வது எளிது போலும்.

மெஹ்ரௌலியிலுள்ள ஜமாலி கமாலியைப் பற்றிச் சிறிதே கூறுவோம். ஜமாலி, சிக்கந்தர் லோதியும் பாபரும் ஹுமாயூனும் போற்றிய சூஃபிக் கவிஞர். அவரது அடக்கத்தலத்தின் உட்கூரை நீலமும் சிவப்புமாய்ச் சுதைப்பூ வேலையும் அவர்தம் கவிதை வரிகளும் கொண்டு விளங்குவது. அங்கே ஜின் கன்னத்தில் அறையும் என்னும் கதை கேட்டு வருவோர், அக்கூரையைப் பற்றி ஒரு சொல்லும் அறியாமலே திரும்புகின்றனர்.

இனி, நம் காலத்திற்கு மிக நெருங்கிய துயரத்திற்கு வருவோம். தில்லியின் நவீன ஓவிய இயக்கம் அகதிகளால் வளர்ந்தது. லாகூரில் ஓவியப் பள்ளி நடத்திய பி.சி. சன்யால் 1947இல் தில்லி வந்து, கோல் மார்க்கெட்டில் தாம் அமைத்த கூடத்திற்கு 'அகதி ஓவியக் கூடம்' என்றே பெயர் வைத்தார். 1949இல் அவரும் தோழர்களும் சேர்ந்து 'தில்லி சில்பி சக்ரா'வை நிறுவினர். ஜீலம் நகரிற் பிறந்து, சிறுவயதிலேயே செவிப்புலனை இழந்த சதீஷ் குஜ்ரால், பிரிவினையின் ஓலத்தைக் காதாற் கேட்கவில்லை, முகங்களிற் கண்டார். முகத்தைக் கையாற் பொத்தி அழும் பெண்களை அவர் தீட்டிய ஓவியங்கள் பிரிவினையின் சான்றாவணங்கள் எனலாம்.

அதே பிரிவினையின் மற்றொரு விளைவு மால்ச்சா மஹால். துக்ளக் காலத்து வேட்டை மாளிகையான அதில், அவத் அரச வழியினர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட பேகம் விலாயத் மஹால் 1985 முதல் தம் மகனோடும் மகளோடும் வாழ்ந்தார். அதற்குமுன் பல ஆண்டுகள் புதுதில்லி இரயில் நிலையக் காத்திருப்பு அறையிலேயே குடியிருந்து உரிமை கோரியவர் அவர். 1993இல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். மகன் 2017இல் தனியே மாண்டார். 2019இல் அமெரிக்க இதழாளர் எல்லன் பேரி எழுதிய கட்டுரை உண்மையை வெளிக்கொணர்ந்தது. அவர் அரச குடும்பத்தினர் அல்லர். லக்னோ பல்கலைக்கழகத்தில் அலுவலராய் இருந்தவரின் மனைவி. பிரிவினையால் பாகிஸ்தான் சென்று, கணவரை இழந்து, அங்கே மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டு, மீண்டும் இந்தியா வந்தவர். இழந்த வீட்டின் துயரம் அவர் உள்ளத்தில் இழந்த அரசாக வளர்ந்துவிட்டது போலும். அவரைப் பொய்யர் என்று தள்ளிவிட எம் மனம் ஒப்பவில்லை. 2023இல் தில்லிச் சுற்றுலாத் துறை இம்மாளிகைக்குக் கட்டணம் பெற்றுப் 'பேய் உலா' தொடங்கியது. குஜ்ராலின் ஓவியத்தின்முன் மௌனமாய் நிற்கின்றோம். அவர் தீட்டிய பெண்களுள் ஒருத்தி எனத்தக்க இவரது வீட்டிற்கோ அச்சத்தை விலைகொடுத்து வாங்கச் செல்கின்றோம்.

குருதி வாயிலுக்கு எதிரே பிரோஸ் ஷா கோட்லா உள்ளது. 1354இல் பிரோஸ் ஷா துக்ளக் எழுப்பிய கோட்டை. தோப்ராவிலிருந்து கொணரப்பட்ட அசோகரின் தூண் அதன் உச்சியில் நிற்கின்றது. வியாழக்கிழமை தோறும் இந்துக்களும் முஸ்லிம்களும் இங்கு வந்து, ஜின்களுக்கு மனு எழுதி இருண்ட அறைகளின் மாடக்குழிகளில் வைக்கின்றனர். மார்க்க அறிஞர் இதனை ஏற்கார்; ஏற்கவேண்டுமென நாமும் கூறவில்லை. ஆயின் இவ்வழக்கத்தை ஆராய்ந்து 2017இல் நூல் எழுதிய ஆனந்த் விவேக் தனேஜா கூறும் செய்தி சிந்திக்கத்தக்கது. மனு வைக்கும் வழக்கம் பழமையானதன்று. அவசரநிலை முடிந்த 1977ஐ ஒட்டியே தொடங்கியதாகத் தெரிகின்றது என்கின்றார். 1976 ஏப்ரலில் அண்மையிலுள்ள துர்க்மான் வாயிலில் வீடுகள் இடிக்கப்பட்டன, எதிர்த்தோர் சுடப்பட்டனர், வீடிழந்தோர் நகரின் புறத்தே கொண்டு விடப்பட்டனர்.

அம்மனுக்கள் அரசு அலுவலகத்திற்கு எழுதும் மனுக்களைப் போன்றே இருக்கின்றன. படிகள் பல எடுத்து அறைக்கொன்றாய் வைக்கின்றனர். சிலவற்றில் புகைப்படமும் ஒட்டப்பட்டிருக்கும். வீட்டு முகவரியை மட்டும் எவரும் எழுத மறப்பதில்லை.