விடுபட்ட பக்கங்கள்

நுழையும்முன்

நம் கைக்கு வரும் ஓர் அச்சுத்தாள், அதற்குமுன் பல கணக்குகளைக் கடந்து வந்திருக்கிறது. அவற்றுள் ஒன்று பிழைபட்டாலும் பக்கம் சாய்ந்துவிடும், விளிம்பு வெட்டுப்படும், சில வேளைகளில் பக்கமே காணாமற்போகும். ஒரு தாளில் பல பக்கங்களை அச்சிடும் சிறிய மென்பொருளில் வழுக்கள் எவ்வாறு தோன்றுகின்றன, அவற்றைக் கண்டறிந்து களைவது எங்ஙனம் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

சிக்கனத்தின் கருவி

நாற்பது பக்கக் கட்டுரை ஒன்றைப் பக்கத்திற்கு ஒரு தாளாக அச்சிட்டால் நாற்பது தாள்கள் தேவைப்படும். தாளின் ஒரு முகத்தில் இரண்டு பக்கங்களை அமைத்து, இருபுறமும் அச்சிட்டால் பத்துத் தாள்களே போதும். இப்பணியைச் செய்வதற்கெனச் சிறு மென்பொருள்கள் உள்ளன. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் வழங்கும் ‘பிஎஸ்யூட்டில்ஸ்’ தொகுப்பில் இத்தகைய கருவி ஒன்று உண்டு. லினக்ஸ், மேக் கணினிகளில் பயன்படும் ‘கப்ஸ்’ என்னும் அச்சு அமைப்பிலும் இவ்வசதி இடம்பெற்றுள்ளது. பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இவ்வேலையில் வழுக்கள் நுழையும் வாயில்கள் பல.

தாளின் கணக்கு

ஏ4 தாளின் அளவு 210 × 297 மில்லிமீட்டர். நீளத்தை அகலத்தால் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 1.414. இஃது இரண்டின் வர்க்கமூலம். இவ்விகிதம் கொண்ட தாளைக் குறுக்கே பாதியாக மடித்தாலும் விகிதம் மாறுவதில்லை. இச்சிறப்பைச் செருமானிய அறிவியலாளர் லிக்டென்பெர்க் 1786இல் எழுதிய கடிதம் ஒன்றில் குறிப்பிட்டுள்ளார். செருமனி 1922இல் இதனைத் தரமாக ஏற்றது, 1975இல் ஐ.எஸ்.ஓ. 216 என்னும் பன்னாட்டுத் தரமாயிற்று. ஆகவே, ஏ4 பக்கம் இரண்டினை ஏறத்தாழ 71 விழுக்காட்டிற்குச் சுருக்கினால் அவை ஒரே ஏ4 தாளில் இடைவெளியின்றிப் பொருந்தும்.

அமெரிக்காவில் வழங்கும் ‘லெட்டர்’ தாளின் அளவு 8.5 × 11 அங்குலம். அதனை மடித்தால் 5.5 × 8.5 அங்குலம் ஆகும். விகிதம் 1.29இலிருந்து 1.55ஆக மாறிவிடுகிறது. எனவே, பக்கங்களை ஏறத்தாழ 65 விழுக்காட்டிற்குச் சுருக்க வேண்டும். மேலும் கீழும் வெற்றிடம் எஞ்சும். ஒரு தாளுக்கு எழுதிய கணக்கு மற்றொரு தாளுக்குப் பொருந்தாது என்பதே இதனால் பெறப்படும் முதற்பாடம்.

மூன்று செயல்கள்

அடோபி நிறுவனம் உருவாக்கிய ‘போஸ்ட்ஸ்கிரிப்ட்’ என்னும் பக்க விவரிப்பு மொழியில், ஓர் அங்குலத்தின் 72இல் ஒரு பங்கு ஒரு புள்ளி எனப்படும். அதன்படி ஏ4 தாள் ஏறத்தாழ 595 × 842 புள்ளிகள் கொண்டது. ஆதிப்புள்ளி தாளின் இடப்புறக் கீழ்மூலையில் அமையும். கருவி ஒவ்வொரு பக்கத்தையும் சுருக்குகிறது, தேவையெனில் சுழற்றுகிறது, பின்னர் உரிய இடத்திற்கு நகர்த்துகிறது. பெரும்பாலான வழுக்கள் இம்மூன்று செயல்களிலும் பக்கங்களை எண்ணுவதிலும் பிறக்கின்றன.

வழுக்களின் வகைகள்

முதலாவது, வரிசை பிறழ்தல். ஒரு முகத்தில் நான்கு பக்கங்களை அமைக்க ஒவ்வொன்றையும் பாதியாகச் சுருக்க வேண்டும். இரண்டாம் பக்கத்தை வலப்புறம் 297.5 புள்ளிகள் நகர்த்திவிட்டுச் சுருக்கினால் அது சரியான இடத்தில் அமையும். சுருக்கிவிட்டு அதே எண்ணால் நகர்த்தினாலோ, அளவுகோலும் பாதியாகிவிட்டமையால் பக்கம் 148.75 புள்ளிகளே நகரும். முதற்பக்கத்தின் வலப்பாதிமீது படிந்துவிடும். செயல்கள் இரண்டும் சரியே. அவற்றின் வரிசையே தவறு.

இரண்டாவது, தாளின் அளவைத் தானே முடிவுசெய்தல். பயனர் அளவைக் குறிப்பிடாதபோது கருவி ஏ4 எனக் கொள்வதாகக் கருதுவோம். அச்சுப்பொறியில் லெட்டர் தாள் இருப்பின், அதன் உயரம் 792 புள்ளிகளே ஆதலால், மேற்புறம் 50 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ 17.6 மில்லிமீட்டர், தாளுக்கு வெளியே போய்விடும். தலைப்பு வரி மறைவதற்கு இதுவே போதும்.

மூன்றாவது, சுழற்சிக் குறிப்பைப் புறக்கணித்தல். பிடிஎஃப் கோப்பில் ஒரு பக்கத்தை எத்தனை பாகை சுழற்றிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு தனியே இருக்கலாம். அதனைப் படிக்காத கருவி, அகலவாக்கில் அமைந்த அட்டவணையைப் பக்கவாட்டில் சாய்த்து அச்சிடும்.

நான்காவது, சிறுநூல் அமைப்பில் நேரும் பிழை. 16 பக்கச் சிறுநூலில் வெளித்தாளின் ஒரு முகத்தில் 16, 1 ஆகிய பக்கங்களும் மறுமுகத்தில் 2, 15 ஆகிய பக்கங்களும் வரும். ஒவ்வோர் இணையின் கூடுதலும் 17. மூலநூல் 14 பக்கங்களே கொண்டிருந்தால், நான்கின் மடங்காகும்படி வெற்றுப்பக்கங்கள் இரண்டைச் சேர்க்க வேண்டும். சேர்க்கத் தவறினால் இணைகள் அனைத்தும் குலைந்துவிடும்.

மறைந்திருக்கும் வழு

மேற்கூறியவை பார்த்தவுடன் புலப்படுபவை. எல்லாவற்றினும் தீயது கண்ணுக்குப் புலப்படாத வழுவே. ஒரு முகத்திற்கு நான்கு பக்கங்கள் வீதம் பத்துப் பக்கங்களை அச்சிட எத்தனை முகங்கள் வேண்டும்? பத்தை நான்கால் வகுத்தால் ஈவு 2, மீதி 2. நிரல் ஈவை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கைவிட்டால் எட்டுப் பக்கங்கள் மட்டுமே அச்சாகும். இறுதி இரண்டும் விடுபடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. அச்சான பக்கங்கள் தெளிவாகவும் நேர்த்தியாகவும் இருக்கும். பன்னிரண்டு பக்கக் கோப்பைக் கொண்டு சோதித்த நிரலருக்கு இவ்வழு ஒருபோதும் தென்படாது. ஏனெனில் அங்கு மீதி இல்லை.

மருந்தின் அளவைக் கூறும் குறிப்பிலோ வழக்கு ஆவணத்திலோ இறுதிப் பக்கம் விடுபட்டால் விளைவு என்னாகும்? சாய்ந்த பக்கத்தைக் காண்பவர் மீண்டும் அச்சிடுவார். விடுபட்ட பக்கம் இருந்ததையே அறியாதவர் என்செய்வார்? இவ்வழுவுக்குரிய திருத்தமோ மிகச் சிறிது. பக்க எண்ணிக்கையோடு மூன்றைக் கூட்டி, பின்னர் நான்கால் வகுத்து ஈவைக் கொள்ள வேண்டும். 13ஐ நான்கால் வகுக்க ஈவு 3. மூன்று முகங்கள் கிடைத்துவிடும். 12 பக்கங்களுக்கும் 15ஐ வகுக்க அதே 3 கிடைக்கும். மிகையாக ஒரு முகம் வீணாவதில்லை.

வழுநீக்கும் முறை

வழுவை நீக்க விழைபவர் முதலில் அதனை மீண்டும் தோன்றச் செய்ய வேண்டும். தோன்றச் செய்ய இயலாத வழுவை நீக்கியதாகக் கூறுவது வெறும் ஊகமே. இதற்கு எளிய கோப்பு ஒன்றே போதும். ஒவ்வொரு பக்கத்திலும் அதன் எண்ணைப் பெரிதாக எழுதி, நான்கு ஓரங்களிலும் கோடிட்டுவிட்டால், எண் இல்லையெனில் பக்கம் விடுபட்டது எனவும், கோடு இல்லையெனில் ஓரம் வெட்டுப்பட்டது எனவும், எண் சாய்ந்திருந்தால் சுழற்சி பிழைத்தது எனவும் உடனே விளங்கும்.

அடுத்து, எல்லைகளைச் சோதிக்க வேண்டும். முகத்திற்கு நான்கு பக்கங்கள் எனில் 1, 3, 4, 5 பக்கங்கள் கொண்ட கோப்புகளையும், பக்கமே இல்லாத கோப்பையும் கொடுத்துப் பார்த்தல் நலம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்தல் வேண்டும். பல மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால் பயன் தந்தது எதுவென அறிய முடியாது. நிறைவாக, வழுவைக் காட்டிய கோப்பை நிலையான சோதனையாகச் சேர்த்துவைத்தல் வேண்டும். நாளை வேறொருவர் நிரலை மாற்றும்போது பழைய வழு மீண்டும் நுழைந்தால் அச்சோதனை காட்டிக்கொடுக்கும்.

தெரிந்து தெளிவோம்

1947 செப்டம்பர் 9 அன்று, ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் ‘மார்க் 2’ கணினியின் மின்தொடர்ப்பி ஒன்றில் விட்டிற்பூச்சி சிக்கியிருக்கக் கண்டனர். அதனை எடுத்துப் பணிக்குறிப்பேட்டில் ஒட்டிவைத்தனர். எந்திரக் குறைபாட்டைப் ‘பூச்சி’ எனும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் சுட்டும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. 1878இல் எடிசன் எழுதிய கடிதத்திலும் அச்சொல் காணப்படுகிறது.

நிறைவாக

சிறு கருவியை எழுதுபவர் அதனைப் பயன்படுத்துவோரை நேரில் காண்பதில்லை. எனினும், அவர் கைவிட்ட ஒரு மீதி, எங்கோ ஒருவர் கையில் குறைபட்ட ஆவணமாகச் சென்று சேர்கிறது. மீதியையும் கணக்கில் கொள்வது கணிதத்தின் விதி மட்டுமன்று; பிறர் நம்பிக்கையைக் காக்கும் கடமையும் ஆகும்.

கற்பவை கற்றபின்

1. ஏ4 தாள் ஒன்றை மும்முறை மடித்து, ஒவ்வொரு மடிப்பிலும் நீள அகல விகிதத்தை அளந்து அட்டவணைப்படுத்துக.
2. எட்டுப் பக்கச் சிறுநூலுக்கான பக்க இணைகளை வரிசைப்படுத்தி, தாள்களை மடித்துச் சரிபார்க்க.

நம்மை அளவிடுவோம்

1. முகத்திற்கு நான்கு பக்கங்கள் வீதம் 22 பக்கங்களை அச்சிடத் தேவையான முகங்கள்
அ) 4 ஆ) 5 இ) 6 ஈ) 7
2. குறுவினா: பன்னிரண்டு பக்கக் கோப்பைக் கொண்டு சோதித்த நிரலருக்கு வழு புலப்படாமைக்குக் காரணம் யாது?
3. சிறுவினா: ‘செயல்கள் இரண்டும் சரியே, அவற்றின் வரிசையே தவறு’ – விளக்குக.
4. நெடுவினா: கண்ணுக்குப் புலப்படும் வழுவினும் புலப்படாத வழு தீயது என்பதைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.