மனச்சாட்சி மட்டும் போதுமா?

கேள்வி: அன்புள்ள ஃபாதர், எங்கள் அன்பியக் கூட்டத்தில் வாக்குவாதம் வந்துவிட்டது. திருத்தந்தை சொல்வதெல்லாம் தவறா வரத்தோடு சொல்வது, கேள்வி கேட்பதே பாவம் என்றார் ஒருவர். மனச்சாட்சி போதும், மற்றது அவரவர் விருப்பம் என்றார் இன்னொருவர். மரண தண்டனை பற்றிய போதனை 2018இல் மாறியதே, அதை எப்படி எடுத்துக்கொள்வது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, இருவர் சொன்னதும் சரியல்ல. கிறிஸ்து உயிர்த்தார், கடவுள் மூவொருவர் என்பவை இறைவனே வெளிப்படுத்திய உண்மைகள். அவற்றை மறுத்துவிட்டுக் கத்தோலிக்கராக இருக்க முடியாது. திருத்தந்தையின் தவறா வரத்தை முதல் வத்திக்கான் சங்கம் 1870இல் வரையறுத்தது. அதன்பின் ஒரு திருத்தந்தை அந்த அதிகாரத்தோடு கோட்பாடு அறிவித்தது ஒரே முறைதான்: 1950இல் பன்னிரண்டாம் பயஸ், மரியாவின் விண்ணேற்பை அறிவித்தபோது. விமானத்தில் பத்திரிகையாளர்களுக்குத் தரும் பேட்டியை அதோடு சேர்த்துவிடக் கூடாது.

மரண தண்டனைக்கு வருவோம். 1992இல் வந்த மறைக்கல்வி நூல் மிகக் கொடிய குற்றங்களுக்கு அதை விலக்கவில்லை. சமூகத்தைக் காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் என்று 1997இல் சுருக்கினார்கள். 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ், ஏற்கவே முடியாது என்றார். இது தவறா வரத்தோடு வரையறுத்த கோட்பாடு அல்ல. அதற்காகத் தள்ளிவிடவும் கூடாது. இத்தகைய போதனைக்கும் மனத்தாலும் விருப்பத்தாலும் பணிய வேண்டும் என்கிறது இரண்டாம் வத்திக்கான் சங்கம். 'எனக்குச் சரியாகப் படவில்லை' என்ற ஒரு சொல்லோடு அதைக் கடந்துவிட முடியாது.

அப்படியானால் மனச்சாட்சி எங்கே வருகிறது? அது தவறாக முடிவெடுத்திருந்தாலும் அதை மீறி நடப்பது பாவம் என்றார் தாமஸ் அக்குவினாஸ். அறிய வேண்டியதை அறியாமல் விட்டால் அந்தக் குற்றம் நம்முடையதே என்றும் சொன்னார். இந்த இரண்டாவது பாதியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டரைப் பாருங்கள். ஆஸ்திரியக் கிராமமொன்றில் விவசாயி. பங்குக் கோவிலில் கோவில்பிள்ளை. ஹிட்லருக்காகப் போரிடுவது பாவம் என்று அவருக்குப் பட்டது. உடனே முடிவெடுத்துவிடவில்லை. விவிலியம் வாசித்தார், ஜெபித்தார், குருக்களிடம் கேட்டார், கடைசியில் லின்ஸ் ஆயரையே போய்ப் பார்த்தார். குடும்பத்தை நினையுங்கள், போரின் பொறுப்பு ஆட்சியாளர்களுடையது என்பதே அவருக்குக் கிடைத்த ஆலோசனை. ஆயர் தந்தது அறிவுரை, திருச்சபையின் போதனை அல்ல. அநியாயப் போர் பாவம் என்ற போதனை யேகர்ஷ்டெட்டருக்குத் தெரிந்திருந்தது, அதைத்தான் பிடித்துக்கொண்டார். போரிட மறுத்ததற்காக 1943 ஆகஸ்டு 9 அன்று அவர் தலையை வெட்டினார்கள். வீட்டில் மனைவி ஃபிரான்சிஸ்காவும் மூன்று சிறு பெண் பிள்ளைகளும். 2007இல் அதே லின்ஸ் பேராலயத்தில் அவரை அருளாளராக உயர்த்தியபோது, ஃபிரான்சிஸ்கா 94 வயதில் அங்கே இருந்தார்.

மனச்சாட்சி என்று நாம் சொல்வது பெரும்பாலும் நமக்கு வசதியான முடிவையே தருகிறது. அவருக்கு அது உயிரையே கேட்டது. உங்கள் அன்பியத்தில் மனச்சாட்சி போதும் என்றவரிடம் நான் கேட்பது இதுதான்: மறைக்கல்வி நூலில் மரண தண்டனை பற்றிய 2267ஆம் எண்ணை வாசித்துவிட்டுத்தான் பேசுகிறாரா? சில வரிகளே உள்ளன. புதிய வாசகத்தோடு, விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஆயர்களுக்கு எழுதிய விளக்க மடலும் 2018இலேயே வெளியானது. அடுத்த கூட்டத்தில் இரண்டையும் எல்லாரும் சேர்ந்து வாசியுங்கள். அதன்பிறகும் மனம் ஒப்பாதவர் உங்கள் பங்குத்தந்தையோடு உட்கார்ந்து பேசட்டும்.