கல்சுவர்களுக்கு நடுவே நான்கு நாள்

தென்மேற்குப் பிரான்சில் ஃபிஷாக் ஊரிலிருந்து காஓர் நகருக்குத் தார்ச்சாலையில் போனால் 70 கிலோமீட்டர் சொச்சம். ரோடு சைக்கிள் பழகியவர்கள் அரை நாளில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். நானும் தம்பியும் மவுண்டன் பைக்கில் நான்கு நாள் எடுத்துக்கொண்டோம். அதற்கு முந்தைய ஆண்டு இதே வழியை இரண்டே நாளில் முடிக்கத் தனியாகக் கிளம்பியிருந்தேன். இரண்டாம் நாள் மதியத்துக்குள் கால் ஓய்ந்துவிட்டது. பார்க்க நினைத்த எதையும் பார்க்காமல் துலூஸ் நகருக்குத் திரும்பினேன். அதனால் இந்தப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை: ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நிலம் அப்படி. கெர்சி என்னும் இந்த வட்டாரம் சுண்ணாம்புக்கல் மேடு. அந்த மேட்டை ஊர்க்காரர்கள் 'கோஸ்' என்கிறார்கள். லோத் ஆறும் அதில் வந்து சேரும் செலே ஆறும் மேட்டை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. ஊர்கள் கீழே ஆற்றோரம், நல்ல காட்டுப்பாதைகள் மேலே. ஊருக்குள் இறங்கும் ஒவ்வொரு முறையும் திரும்ப 150, 200 மீட்டர் ஏறியாக வேண்டும். தூரத்தைப் பார்த்து நாளைக் கணக்கிட்டால் ஏமாந்துபோவோம். உயரக் கோடுகளைத்தான் எண்ண வேண்டும். ஐ.ஜி.என். என்னும் அரசு நிறுவனம் வெளியிடும் 1:25,000 அளவு வரைபடத்தைக் காகிதத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செலே பள்ளத்தாக்கில் போன் சிக்னல் பல இடங்களில் எனக்குக் கிடைக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில், ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். சனிக்கிழமையைத் தேர்ந்ததற்குக் காரணம் ஃபிஷாக் சந்தை. அங்கே இரண்டு நாளுக்கான ரொட்டி, அக்ரூட், ரொக்கமதூர் என்னும் சின்ன வட்டமான ஆட்டுப்பால் சீஸ் எல்லாம் வாங்கிக்கொண்டோம். கிராமங்களில் மதியம் கடை சாத்திவிடுவார்கள். ஞாயிறு பிற்பகல் கிடையாது, திங்கட்கிழமையும் பெரும்பாலும் கிடையாது. பல ஊர்களில் கடையே கிடையாது. பையில் ஒரு வேளைச் சாப்பாடு எப்போதும் மிச்சமிருக்க வேண்டும் என்பதை முந்தைய ஆண்டுப் பசி எனக்குக் கற்றுக்கொடுத்தது. தம்பி சைவம். வாத்து இறைச்சிக்குப் பேர்போன வட்டாரம் இது. தங்கும் விடுதியில் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டதால் மூன்று இரவும் முட்டையும் காய்கறியுமாக நல்ல சாப்பாடு கிடைத்தது. போய் இறங்கிய பிறகு சொல்லியிருந்தால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

புறப்படும் முன் ஃபிஷாக்கின் பழைய தெருக்களில் ஒரு மணி நேரம் நடந்தோம். எகிப்தியச் சித்திர எழுத்தின் பூட்டை 1822இல் திறந்த ஷம்போலியோன் 1790இல் பிறந்தது இந்த ஊரில்தான். அவர் பிறந்த வீட்டருகே ஒரு முற்றத்தின் தரை முழுவதும், அந்தப் பூட்டைத் திறக்க உதவிய ரொசெட்டாக் கல்வெட்டைப் பெரிதாக்கிக் கறுப்புக் கல்லில் பதித்திருக்கிறார்கள். அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கொசுத்தின் 1991ஆம் ஆண்டு வேலை அது. அந்த எழுத்துகளின் மேல் நடந்தே போகலாம். ஊருக்குள் நுழைந்ததும் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை அங்கே தொடங்கினோம், கடைசிவரை விடவில்லை. இடைக்காலத் தெருக்கள் மூன்று முழ அகலம்தான். வீட்டு வாசல்படி நேரே தெருவில் இறங்குகிறது. குழந்தையோ பூனையோ எந்த நொடியும் வெளியே வரலாம்.

மேட்டுப் பாதைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பயணத்தின் உயிர் அதில்தான். இரண்டு பக்கமும் இடுப்பளவு கல்சுவர், நடுவே ஒரு மாட்டுவண்டி போகும் அகலம், மேலே கருவாலி மரங்களின் நிழல். சுவர்களில் சாந்து கிடையாது. வயலில் பொறுக்கிய கல்லை வயலோரத்தில் அடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அங்கங்கே அதே கல்லால் கூம்புக் கூரை போட்ட சிறு குடிசைகள். 'கசெல்' என்பது பெயர். மழை வந்தால் இடையர்கள் ஒதுங்கிய இடம். இரண்டாம் நாள் தூறலில் நாங்களும் ஒன்றுக்குள் ஒதுங்கினோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

முதலில் எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. காட்டுக்கு நடுவே எதற்கு இத்தனை சுவர்? காட்டுக்குள் வேலி கட்டுவார் உண்டா? விடுதி நடத்தும் அம்மாள்தான் விளக்கினார். அது காடே இல்லை, திராட்சைத் தோட்டமும் ஆட்டு மேய்ச்சலும் இருந்த நிலம். 1870களின் பிற்பகுதியில் ஃபிலாக்சரா என்னும் பூச்சி திராட்சை வேர்களைத் தின்று தீர்த்தது. பிழைப்புப் போனவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். பிறகு முதல் உலகப்போர் இளைஞர்களைக் கொண்டுபோனது. நிலத்தை மரங்கள் மூடிக்கொண்டன, சுவர்கள் மட்டும் நின்றுவிட்டன. இருபது வீடுகூட இல்லாத ஒரு சிற்றூரின் நினைவுத்தூணை அன்று மாலை நின்று படித்தோம். 1914 முதல் 1918 வரை மாண்டவர்கள் பட்டியலில் ஒரே குடும்பப் பெயர் நான்கு முறை வந்தது. தம்பி அந்த நான்கு பெயர்களையும் விரலால் தொட்டுப் பார்த்தான். அதன் பிறகு அந்தப் பாதைகளில் வேகமாக ஓட்ட எங்களுக்கு மனம் வரவில்லை.

இனி வண்டி. இந்த வழியில் டயர்தான் முக்கியம், மற்றதெல்லாம் பிறகு. இலையுதிர் காலம் தொடங்கும்போது பாதையோர முட்புதர்களை எந்திரம் விட்டு வெட்டுகிறார்கள். வெட்டிய முள் முழுவதும் பாதையில் கிடக்கும். சாதாரண டியூபோடு போன முதல் ஆண்டில் ஒரே நாளில் மூன்று பங்க்சர். இந்த முறை டியூப்லெஸ் டயரும் உள்ளே அடைப்புத் திரவமும் போட்டுப் போனோம், ஒரு பங்க்சர்கூட இல்லை. ஆனால் காற்றை ரொம்பக் குறைத்துவிடாதீர்கள். சுண்ணாம்புக்கல்லின் விளிம்பு கத்தி மாதிரி, டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிடும். மழை நின்ற பிறகு அதே கல் சோப்புப் போட்டது போல வழுக்கும். பாசி படிந்த கல்லின் மேல் பிரேக் பிடிக்கவே கூடாது. கல்லுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, பிரேக்கை விட்டுவிட்டுத் தாண்ட வேண்டும். மாற்றுப் பிரேக் பேட் ஒரு ஜோடி கையில் இருக்கட்டும். ஃபிஷாக்கை விட்டால் காஓர் வரை சைக்கிள் கடை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

மேட்டில் தண்ணீர் கிடைக்காது. பெய்கிற மழையெல்லாம் கல்லின் பிளவுகள் வழியே பூமிக்குள் இறங்கிவிடுகிறது. ஆடுகளுக்காகப் பாறையைக் குடைந்து வெட்டிய சிறு குட்டைகள் இருக்கின்றன, குடிக்க உதவாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் சுமந்தோம். தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். தேவாலயத்தை ஒட்டி இருக்கும், பூச்செடிகளுக்கு ஊற்ற ஒரு குழாயும் இருக்கும். 'நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது என்று பொருள்.

செப்டம்பரில் வேட்டைப் பருவம் தொடங்கிவிடுகிறது. ஞாயிறு காலையில் மணி கட்டிய நாய்களின் சத்தம் காட்டுக்குள் கேட்டது. வேட்டை நடப்பதாகப் பலகை வைத்திருந்தால் திரும்பிவிடுங்கள், வேறு வழி பாருங்கள். ஆரஞ்சு நிற மேல்சட்டை இல்லாமல் அந்தப் பருவத்தில் காட்டுக்குள் போகவே வேண்டாம். ஹெல்மெட்டைப் பொறுத்தவரை, 2017 முதல் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குத்தான் சட்டப்படி கட்டாயம். அந்தக் கற்களைப் பார்த்தவர்கள் யாரும் வயதைக் காரணம் காட்ட மாட்டார்கள். அவசர உதவிக்கு 112.

வழிக்குறிகளில் ஒரு முக்கோணமும் இரண்டு வட்டங்களும் இருந்தால் அது மவுண்டன் பைக் பாதை. வெள்ளை, சிவப்புப் பட்டைகள் நீண்டதூர நடைபாதையைக் குறிக்கும். இங்கே அந்த நடைபாதை ஸ்பெயினிலுள்ள சந்தியாகோவுக்கு நடக்கும் யாத்திரிகர்களின் வழி. சிப்பி ஓட்டைப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு, எழுபது வயதுக்காரர்கள்கூட நடந்து வருகிறார்கள். தொலைவிலேயே வேகத்தைக் குறைத்து, 'போன்ழூர்' சொல்லி, அவர்கள் ஒதுங்கும்வரை நின்று போனோம். ஆயிரம் ஆண்டாக நடப்பவர்களுடைய வழி அது, அங்கே அவர்களுக்குத்தான் முதல் உரிமை.

முதல் இரவு எஸ்பான்யாக்கில், பழைய கன்னியர் மடத்துக் கட்டடத்தில் தங்கினோம். இரண்டாம் இரவு மார்சியாக்கில். நூறாண்டுப் போரில் சூறையாடப்பட்ட மடாலயத்தின் கூரையில்லாத தூண்கள் அங்கே ஊர் நடுவில் நிற்கின்றன. மூன்றாம் நாள் பாதி, கப்ரெரே ஊருக்கு மேலுள்ள பெஷ் மெர்ல் குகைக்குப் போனது. 1922இல் இரண்டு சிறுவர்கள் கண்டுபிடித்த குகை. சுவரில் புள்ளி போட்ட இரண்டு குதிரைகள், வயது ஏறக்குறைய 29,000 ஆண்டு. பாறையின் விளிம்பே ஒரு குதிரைத் தலையின் வடிவில் இருக்கிறது, வரைந்தவர் அதை அப்படியே பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு, முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். வியர்வையோடு நுழைந்தால் உள்ளே குளிர் நடுக்கும். ஒரு கம்பளிச் சட்டை வேண்டும்.

பூசியெஸ் ஊரிலிருந்து சென் சீர் லாபோபிக்கு லோத் ஆற்றை ஒட்டி, பாறையின் வயிற்றைக் குடைந்து 1840களில் வெட்டிய பாதை ஒன்று இருக்கிறது. படகுகளைக் கயிறு கட்டி இழுத்துப் போன வழி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனோம். பாறை விழும் அபாயத்தால் அதை மூடிவைப்பதும் உண்டு, முதலில் விசாரித்துவிடுங்கள். சென் சீர் லாபோபி ஆற்றுக்கு மேலே 100 மீட்டர் உயரப் பாறையில் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர். மரம் கடைபவர்கள் வாழ்ந்த ஊர். ஒயின் பீப்பாய்க்கு மரக்குழாய் செய்தவர்கள். கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1950இல் பார்த்துவிட்டு, வீடே வாங்கிக் கோடைதோறும் வந்தார். பகலில் கூட்டம் தாங்காது. மாலை ஆறு மணிக்கு மேல் ஏறிப்போய், இரவு தங்கி, விடியலில் ஊரைப் பாருங்கள். அந்த நேரத்தில் தெருவில் எங்கள் காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

கடைசி நாள், காஓருக்கு முந்தைய மேட்டில், ஒரு குறுகலான வளைவில் தம்பியின் ஹேண்டில்பார் சுவரில் இடித்தது. அவனுக்கு அடியில்லை. ஆறேழு கற்கள் சரிந்துவிட்டன. "அண்ணா, இதை இப்படியே விட்டுட்டா போறது?" என்றான். நாங்கள் அள்ளி வைக்க, வைக்க, கற்கள் உருண்டன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்தார். கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் போட்ட, இந்த மேட்டுக்கே உரிய ஆடுகள். அவர் கோபப்படவில்லை. எல்லாக் கற்களையும் இறக்கச் சொல்லி, முதலிலிருந்து தொடங்கினார். ஒரு கல் எப்போதும் கீழே இரண்டு கற்களின் மேல் உட்கார வேண்டும், நீளமான பக்கம் சுவருக்குள்ளே போக வேண்டும், இடுக்கில் சில்லுக்கல் வைத்து இறுக்க வேண்டும். அரை மணி நேரத்தில் சுவர் பழையபடி நின்றது. சாந்தில்லாமல் கல் அடுக்கும் இந்தக் கலையை 2018இல் யுனெஸ்கோ மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது என்று பின்னால் படித்தேன்.

அன்று மாலை, 14ஆம் நூற்றாண்டின் வலாந்த்ரே பாலத்தில் மூன்று கோபுரங்களுக்கும் கீழே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காஓருக்குள் போனோம். தம்பியின் கையில் இன்னும் சுண்ணாம்புத் தூள் இருந்தது.

நீங்கள் அந்தப் பக்கம் போனால், வழியில் சுவர் சரிந்து கிடந்தால், பத்து நிமிடம் நில்லுங்கள். விழுந்த கல்லை எடுத்து, இரண்டு கற்களின் மேல் உட்காரும்படி வைத்துவிட்டுப் போங்கள்.