பாப்பாவுக்கு, கதவைப் பற்றி



குப்பை போட வெளியே வந்தாயாம், காற்று கதவை அறைந்து சாத்திவிட்டதாம், போனும் சாவியும் உள்ளேயாம். உன் அம்மா சொன்னார்கள். சாவி செய்பவர் பூட்டைத் துளைத்துத் திறந்ததும் நீ அழுதாய் என்றும் கேள்வி. பணம் போனால் போகிறது, விடு. குரல் பதிவாக அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் மறதியைவிட அந்தக் குமிழ்ப் பூட்டின் மேல்தான் எனக்குக் கோபம். நடுப் பொத்தான் அழுந்தியிருந்தாலும் உள்ளேயிருந்து திருப்பினால் திறந்துகொள்ளும். ஆனால் பல ரகங்களில் வெளிப்பக்கம் பூட்டியபடியே இருக்கும். அறைக்கதவுக்கு அது போதும், வாசல் கதவுக்கு ஆகாது. எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடும் வீடுகளில் நான் பார்த்ததெல்லாம் இந்த ரகம்தான். மலிவு, வேறென்ன!

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு டெட்போல்ட் ஒன்று போடு. குமிழை எடுத்துவிட்டுப் பூட்டில்லாத வெறும் கைப்பிடி போதும். டெட்போல்டை வெளியிலிருந்து பூட்டச் சாவி வேண்டும். சாவி கையில் இருந்தால்தான் பூட்டவே முடியும் என்றால் எப்படி மாட்டிக்கொள்வாய்? உள்பக்கம் கையால் திருப்பும் ரகமாகப் பார்த்து வாங்கு. இரண்டு பக்கமும் சாவி கேட்பதைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் வாங்காதே. உனக்கு முன் குடியிருந்தவர்களிடம் எத்தனை சாவி சுற்றுகிறதோ, அந்தக் கவலையும் இதோடு தீரும்.

நாங்கள் வளர்ந்த தோட்டத்து லயத்தில் கொண்டியும் ஒரு சின்னப் பூட்டும்தான். விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குக் கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். உன் தாமான் குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது என்கிறாய். பெயரைக் கேட்டுக்கொள், பழகு. மாற்றுச் சாவியை நம்பிக்கையான ஓர் ஆளிடம் கொடுத்து வை. பூந்தொட்டிக்கு அடியில் மட்டும் வேண்டாம், திருடன் முதலில் துழாவுவது அங்கேதான்.

மழைக்காலத்தில் கதவு இறுகுகிறது, இடித்துச் சாத்த வேண்டியிருக்கிறது என்றாயே, அதற்கு உடனே இழைப்புளியைத் தேடாதே. அக்டோபர் ஈரத்தில் மரம் உப்பும். அப்போது சீவினால் பிப்ரவரி வெயிலில் விரல் நுழையும் சந்து விழும். முதலில் மேல் கீலைப் பார். அதன் திருகு தளர்ந்தால் கதவு தொங்கும், பூட்டின் நாக்கு எதிர்த் தகட்டின் ஓட்டைக்குக் கீழே இடிக்கும். திருகு பிடிக்கவில்லையென்றால் அதன் ஓட்டைக்குள் தீக்குச்சிகளைப் பசையோடு திணித்து, காய்ந்த பின் முடுக்கு. பிறகும் இடித்தால் நாக்கின் நுனியில் உதட்டுச்சாயம் தடவிக் கதவைச் சாத்து. எங்கே இடிக்கிறது என்று தகட்டில் தெரியும். அந்த இடத்தை அரத்தால் கொஞ்சம் ராவினால் போதும். நிலைக்கட்டையையும் தட்டிப் பார், பொத்தென்று ஒலித்தால் கரையான்.

சாவி திரும்ப மறுத்தால் சமையல் எண்ணெய் ஊற்றும் பழக்கம் நம் குடும்பத்திலேயே இருக்கிறது. எண்ணெய் தூசியைப் பிடித்துப் பிசினாகிவிடும். 2பி பென்சிலைச் சாவியின் பற்களில் தேய்த்துச் சிலமுறை விட்டு எடு.

இப்போது முக்கியமானது, வாசல் இரும்புக் கிரில். இரவில் உள்ளே பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தூங்குகிறாய். தீப்பிடித்தால் புகையில் அந்தப் பையைத் தேட உனக்கு நேரம் இருக்காது. கிரிலைத் திறக்க முடியாமல் உள்ளேயே சிக்கி இறந்த குடும்பங்களைப் பற்றி இந்த நாட்டில் எத்தனை செய்தி படித்திருக்கிறோம்! சாவியைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள் என்று தீயணைப்புத் துறையான பொம்பாவும் சொல்லிச் சலித்துவிட்டது. கிரிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டு. சன்னல் வழியாகக் கம்பி விட்டு இழுக்க முடியாத சுவராக இருக்கட்டும். கூட இருக்கும் பெண்களும் இருட்டில் ஒருமுறை எடுத்துத் திறந்து பார்க்கட்டும். தீயென்றால் முதலில் வெளியே வந்துவிடு, 999 பிறகு.

எண் அழுத்தித் திறக்கும் பூட்டு வேண்டும் என்று உன் தோழி கேட்டாளாம். போடட்டும். பேட்டரி தீர்ந்தால் திறக்க வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் முனையோ சாவித் துளையோ இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல். சாவி இருந்தால் அதை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட வேண்டாம்!

துளைத்த பூட்டுக்கு வீட்டுக்காரர் முன்பணத்தில் கழிப்பாரா என்பதை இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள். புதுப் பூட்டின் ரசீதையும் வைத்திரு, அடுத்த மாதம் வரும்போது பார்க்கிறேன்.

சித்தப்பா