பெங்களூரைச் சுற்றிக்காட்டப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு பெங்களூரின் பழைய இடங்களைக் காட்டப்போவதாக எழுதியிருந்தாய். யாருக்கும் தெரியாத சுவையான செய்திகள் வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். நல்ல வேலைதான், துணிந்து செய்.

வின்ஸ்டன் சர்ச்சில் பெங்களூர் கிளப்பில் 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். 1899ஆம் ஆண்டுக் கணக்குப் புத்தகத்தில் அது பதிவாகியிருக்கிறது. நீயும் சொல். ஆனால் அதற்கு அரை நிமிடம் போதும். வந்தவர்கள் சிரித்துவிட்டு அடுத்த தெருவுக்குள் மறந்துவிடுவார்கள்.

பேகூருக்குக் கூட்டிப்போ. வேட்டையில் வழி தவறிய ஹொய்சள மன்னன் வீரவல்லாளனுக்கு ஒரு கிழவி அவித்த பயறு கொடுத்தாள், அதிலிருந்துதான் பெங்களூருக்குப் பெயர் வந்தது என்ற கதை உன் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். அந்த மன்னன் பட்டத்துக்கு வந்தது 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். பேகூர் நாகேஸ்வரர் கோயில் வளாகத்தில் உள்ள கன்னட வீரக்கல் ஏறத்தாழ 890ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நாகத்தரன் என்ற தலைவனின் வீட்டைச் சேர்ந்த ஒருவன் பெங்களூருச் சண்டையில் இறந்துபோனதை அது சொல்கிறது. கிழவி அடுப்பு மூட்டுவதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு முன்பே ஊரும் பெயரும் இருந்திருக்கின்றன. அதற்காகக் கிழவியை விரட்டிவிடாதே. எத்தனையோ தலைமுறைகள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த கதை அது. முதலில் கதையைக் கதையாகவே சொல்லி முடி. பிறகு கல்லுக்கு முன்னால் நிறுத்தி ஆண்டைச் சொல். இரண்டையும் கலந்து மட்டும் பேசாதே.

அடுத்து காடுகோடி. ஐ.டி.பி.எல். கட்டடங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டந்தூர் ஏரியைத் தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்து போகிறார்கள். 1043இல், ராஜேந்திர சோழன் காலத்தில், அந்த ஏரியை வெட்டி மதகு வைத்து, பிள்ளையாருக்கும் துர்க்கைக்கும் க்ஷேத்திரபாலருக்கும் கோயில் எடுத்த செய்தியைக் காடுகோடியின் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. செய்தவன் பெர்மாடி காவுண்டனின் மகன் ராஜராஜ வேளான். தந்தை பெயரில் கன்னட நாட்டுக் காவுண்டன், மகன் பெயரில் சோழ அரசன். எனக்கு இந்த ஊர் வரலாற்றிலேயே மிகவும் பிடித்த வரி இதுதான். ஒரே வீட்டுக்குள் இரண்டு பக்கமும் இருந்திருக்கின்றன, ஏரித் தண்ணீரும் ஊர் முழுமைக்கும் பாய்ந்திருக்கிறது.

இங்கேதான் உனக்குச் சோதனை. கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார்: அப்படியானால் இது தமிழர் ஊர்தானே? இன்னொருவர் முகம் சுளிப்பார். 1991 டிசம்பரில் காவிரியின் பேரால் இந்த நகரத்தில் தமிழர் வீடுகள் எரிந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் துணி மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையைத் திறந்தார்கள். இவ்வளவு நடந்த ஊரில் ஒரு கல்லைப் பட்டாவாக நீட்டாதே. 890இல் கன்னடத்தில் வெட்டினார்கள், 1043இல் தமிழில் வெட்டினார்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே மரியாதையோடு காட்டு. கேள்வி கேட்டவருக்கு ராஜராஜ வேளானின் அப்பா பெயரைச் சொல், போதும்.

படிக்க வேண்டியது: பி.எல். ரைஸ் தொகுத்த ‘எபிகிராபியா கர்நாடிகா’வின் 9ஆம் தொகுதி, 1905இல் வந்தது. இந்தப் பெங்களூரிலேயே பிறந்த ஆங்கிலேயர் அவர். கன்னட எழுத்தை இன்னும் கற்காமல் இருந்தால் இந்த மாதமே தொடங்கு. பாதி ஊரை மட்டும் படிக்கத் தெரிந்தவன் முழு ஊரைக் காட்ட முடியாது. மிதிக் சொசைட்டி நகரின் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் பதிவு செய்துவருகிறது. தேய்ந்துபோன எழுத்துகள் அந்தப் படங்களில் கண்ணுக்குத் தெரிகின்றன, பார்த்துப் பழகு. கல்லின் மீது சுண்ணாம்புக் கட்டியால் தேய்த்துக் காட்டுபவர்களைக் கண்டிருப்பாய். நீ அதைச் செய்யாதே, யாரையும் செய்யவிடாதே. பக்கவாட்டில் விழும் காலை வெயில் இருந்தாலே வெட்டு தெரியும். ஹெப்பாளில் ஏறத்தாழ 750ஆம் ஆண்டைச் சேர்ந்த கிட்டய்யா கல்லுக்கு மண்டபம் எழுந்தது அந்தப் பகுதி மக்கள் முன்வந்ததால்தான். பல கற்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை, கட்டட வேலையில் மண்ணோடு போய்விடுகின்றன. நடக்கும்போது எங்காவது எழுத்துள்ள கல் கண்ணில் பட்டால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அன்றைக்கே மிதிக் சொசைட்டிக்குத் தெரிவி.

முதல் நடைக்கு மடிவாளம் சோமேஸ்வரர் கோயிலைத் தேர்ந்தெடு. சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1247ஆம் ஆண்டினது ஒன்று வெங்காலூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே கொடுத்த நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. கொடுத்தவர் வேப்பூர்க்காரர், அந்த வேப்பூர்தான் இன்றைய பேகூர். ஓசூர் சாலை நெரிசல் தொடங்குமுன் ஏழு மணிக்கே போய்விடு. அர்ச்சகரிடம் கன்னடத்தில் அனுமதி கேள். பூசை நேரமென்றால் வெளியில் காத்திரு.

அன்புடன்,
உன் அண்ணன்