கப்பல் ஏறும் முன்பே சொல்லிவிடு

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய நோட்டீஸ் கிடைத்தது. மீஞ்சூர், அத்திப்பட்டுப் புதுநகர், எண்ணூர் என்று நம் பக்கத்து ஆட்கள் முப்பது பேரைச் சேர்த்துக்கொண்டு முதன்முதலாக லட்சத்தீவுக்குக் கிளம்புகிறாய். அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், அவர்கள் வீட்டம்மாக்கள், இரண்டு மூன்று இளம் குடும்பங்கள். மனசுக்கு நிறைவாக இருக்கிறது. குழுப் பயணம் நடத்தும் தொழிலில் உனக்கு மூத்தவள் என்ற உரிமையில் சில விஷயங்களைச் சொல்கிறேன். முதலில், அந்த நோட்டீஸில் "சொகுசுக் கப்பலில் தீவு தீவாக" என்று போட்டிருக்கிறாயே, அதில் "சொகுசு" என்ற வார்த்தையை எடுத்துவிடு.

காரணம் இருக்கிறது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டேலியா கப்பல் கிளம்பியபோது, அதன் நீச்சல் குளமும் நாடக அரங்கும் எல்லார் செல்போனிலும் சுற்றின. கப்பல் பயணம் என்றதும் நம் ஊர்க்காரர்கள் மனசில் ஓடுவது அந்தப் படம்தான். நீ கூட்டிப்போகும் எம்.வி. கவரத்தி அப்படிப்பட்ட கப்பலே இல்லை. விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டில் கட்டிய, ஏறத்தாழ எழுநூறு பேர் போகக்கூடிய பயணிகள் கப்பல் அது. தீவுக்காரர்களுக்கு அதுதான் டவுன் பஸ். எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளி, கல்லூரி விடுமுறைக்கு ஊர் திரும்பும் பிள்ளை, கல்யாணச் சாமான் வாங்கிக்கொண்டு போகும் குடும்பம் எல்லாரும் அதில்தான் ஏறுவார்கள். லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பான ஸ்போர்ட்ஸ் நடத்தும் "சமுத்திரம்" திட்டத்தில் அதே கப்பலில் நமக்கும் இடம் தருகிறார்கள். கொச்சியிலிருந்து கிளம்பும் ஐந்து நாள் திட்டம். இரவெல்லாம் கப்பல் ஓடும், பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளில் இறங்கிவிட்டுச் சாயங்காலம் மறுபடி கப்பலுக்கு வந்துவிட வேண்டும்.

இதை உன் ஆட்கள் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். டைமண்ட் வகுப்பு என்றால் இருவர் படுக்கும் அறை, கோல்டு வகுப்பு என்றால் நால்வர் படுக்கும் அறை. பெயரைக் கேட்டு ஓட்டல் அறையைக் கற்பனை செய்துகொள்வார்கள். ரயில் படுக்கையைவிடக் கொஞ்சம் வசதி என்று நினைத்து வரச் சொல். சாப்பாடு எளிமையாக இருக்கும். கேளிக்கை நிகழ்ச்சி எதையும் எதிர்பார்க்க வேண்டாம். மது கிடையாது. பங்காரம் தீவைத் தவிர மற்ற எல்லாத் தீவுகளிலும் மதுவிலக்கு. மேல்தளத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், இரவில் கரை வெளிச்சம் எதுவும் குறுக்கிடாத வானத்தைப் பார்க்கலாம். அதுவே போதும் என்கிறவர்களுக்குத்தான் இந்தப் பயணம். போதாது என்கிறவர்களை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது உனக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

அடுத்தது படகு மாறுவது. நீ மிகவும் கவனமாக இருக்க வேண்டியது இதில்தான். நம் ஆட்களில் பலருக்கு அந்தமான் கப்பல் பழக்கம். வடசென்னையில் அந்தமானில் சொந்தக்காரர் இல்லாத தெரு குறைவு. அங்கே கப்பல் ஜெட்டியை ஒட்டி நிற்கும், படிக்கட்டில் இறங்கிப் போய்விடலாம். லட்சத்தீவில் தீவைச் சுற்றிப் பவளப்பாறை அரண் போட்டிருக்கிறது. சில தீவுகளில் கடல் அமைதியாக இருக்கும்போது படகுத்துறையிலேயே கப்பலைக் கட்டுவார்கள். மற்ற நேரங்களில் கப்பல் பாறைக்கு வெளியே ஆழத்தில் நின்றுவிடும். கப்பலின் பக்கவாட்டுக் கதவைத் திறப்பார்கள். கீழே சிறு படகு வந்து ஒட்டும். கப்பல் அசையாததுபோல் தெரியும், படகோ அலைக்கு ஏற்ப ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

இறங்குவதில் ஒரு முறை இருக்கிறது. படகு மேலே எழும்பி வரும் நொடியில் கால் வைக்க வேண்டும். படகு கீழே போகும்போது வைத்தால் கால் அந்தரத்தில் தொங்கும். எப்போது வைப்பது என்பதைக் கப்பலாள்தான் சொல்வார். அவர் "வா" என்றால் உடனே வர வேண்டும். "நில்" என்றால் ஒரு காலைத் தூக்கியிருந்தாலும் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆள் நின்று முன்கையைப் பிடித்து இறக்குவார்கள், ஆகவே கையில் ஒன்றும் இருக்கக் கூடாது. பை முதுகில் இருக்கட்டும். செல்போன் உள்ளே போகட்டும், கழுத்தில் கேமரா தொங்க வேண்டாம். புடவை கட்டுகிறவர்கள் அன்றைக்கு மட்டும் சுடிதார் போட்டுக்கொள்ளச் சொல். தயங்குவார்கள், நீ வற்புறுத்து. லைஃப் ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கிகளையும் நீயே ஒவ்வொருவராகத் தொட்டுப் பார். முட்டி வலிக்காரர், இடுப்பு அறுவைசிகிச்சை செய்தவர், தலைச்சுற்றல் உள்ளவர் யார் யார் என்று இப்போதே கேட்டு எழுதி வை. அவர்களில் சிலருக்கு இந்தப் பயணம் ஆகாது. "பார்த்துக்கலாம், பிடிச்சு இறக்கிடுவாங்க" என்று மட்டும் சொல்லிவிடாதே. இறங்க முடியாத ஒருவர், மூன்று தீவையும் கப்பல் ஜன்னலில் பார்த்துக்கொண்டே திரும்பி வருவது பெரிய வேதனை.

வாந்தி, தலைச்சுற்றலைப் பற்றியும் மறைக்காமல் பேசு. மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுக் கப்பல் ஏறுவதற்கு முன்பே போட வேண்டும், ஆரம்பித்த பிறகு போட்டால் பெரிதாகப் பலன் இராது. வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது. ஆட்டம் தாங்காதவர் கப்பலின் நடுப்பகுதிக்கு வந்து தொடுவானத்தைப் பார்த்தபடி உட்காரட்டும். கொச்சியிலிருந்து கல்பேனி 287 கிலோமீட்டர், மினிக்காய் 398, கவரத்தி 404. தீவைப் பொறுத்துப் பதினான்கிலிருந்து பதினெட்டு மணி நேரம் ஓட வேண்டும். மினிக்காய்க்குப் போகும் வழியில் ஒன்பது டிகிரி கால்வாயைக் கடக்கும்போது ஆட்டம் கூடலாம். எந்தத் தீவு முதலில் என்பது வானிலையைப் பொறுத்து மாறும், சில சமயம் ஒரு தீவே விட்டுப்போகும். தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் போகவே போகாதே. திரும்பும் ரயிலுக்கு ஒரு நாள் இடைவெளி விட்டு டிக்கெட் போடு. கப்பல் சேரும் அன்றைக்கே ஆலப்புழை எக்ஸ்பிரஸைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டால், கடைசி இரவு முழுக்க முப்பது பேரும் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கவரத்திக்குப் போனால் கண்ணாடிப் படகு, கயாக், மரவேலைக்குப் பேர்போன உஜ்ரா பள்ளிவாசல் எல்லாம் காட்டுவார்கள். பார்க்கட்டும். ஆனால் மீஞ்சூர்க்காரர்களை அழைத்துப்போகிற நீ அவர்களிடம் கட்டாயம் பேச வேண்டியது தண்ணீரைப் பற்றி.

கவரத்தி நான்கு சதுர கிலோமீட்டர் சொச்சம் உள்ள பவள மணல் திட்டு. ஆறு கிடையாது, ஏரி கிடையாது. பெய்யும் மழை மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். இதை நம் ஊர்ப் பெரியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஆரணியாறு–கொசஸ்தலையாறு படுகையில் மீஞ்சூர்க் கிணறுகளிலிருந்து சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் இறைத்து இறைத்து, கடல் உள்ளே வந்து, இனித்த கிணறுகள் கரித்துப்போனதைக் கண்ணால் பார்த்த தலைமுறை அது. பிறகு 2010-இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர்.

கவரத்தியிலும் அப்படி ஓர் ஆலை உண்டு, நம்முடையதைவிட ஐந்து வருடம் மூத்தது. 2005-இல் அதை நிறுவியது நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். காட்டுப்பள்ளி ஆலையின் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. செய்முறையும் வேறு. காட்டுப்பள்ளியில் உயர் அழுத்தத்தில் சவ்வு வழியாக நீரைத் தள்ளுகிறார்கள். கவரத்தியில் வெதுவெதுப்பான மேல்மட்டக் கடல்நீரைக் காற்றழுத்தம் குறைந்த அறைக்குள் விட்டு ஆவியாக்கி, ஏறக்குறைய 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாயில் இழுத்துவரும் குளிர்நீரால் அந்த ஆவியைக் குளிரவைத்து நன்னீராக்குகிறார்கள். தீவை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே கடல் அவ்வளவு ஆழமாகிவிடுவதால் இது முடிகிறது. பின்னால் அகத்தி, மினிக்காய், கல்பேனியிலும் இதே முறையில் ஆலைகள் வந்தன. கரையில் நிற்கும்போது இதைச் சொல். மின் நிலையத்தில் கண்டென்சர் பக்கத்தில் முப்பது வருடம் நின்றவர்கள் உன்னோடு வருகிறார்கள். உன்னைவிட நன்றாக அவர்களே மற்றவர்களுக்கு விளக்குவார்கள். அதன்பிறகு கடலில் குளித்த உடம்பை இன்னொரு முறை நன்னீரில் அலச வேண்டும் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

கல்பேனியில் பெரிய காயல் உண்டு, குளிக்கச் சுகமான இடம். கிழக்குக் கரையில் பவளக் கற்கள் மேடாகக் குவிந்து கிடப்பதைக் காட்டு. 1847-ஆம் வருடப் புயல் கடலிலிருந்து அள்ளிப் போட்டது அது.

மினிக்காயில் பேச்சே மாறிவிடும். மற்ற தீவுகளில் மலையாளம், இங்கே மாலத்தீவோடு உறவுள்ள மஹல். 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தில் ஏற விட்டால் ஏறச் சொல். நம் ஆட்களுக்கு அதைவிடப் பிடிக்கப்போவது மீன்பிடி. காயலில் பிடித்த பொடி மீனை உயிரோடு கொண்டுபோய்க் கடலில் வீசிச் சூரைக் கூட்டத்தை இழுத்து, தூண்டில் கழியால் ஒவ்வொன்றாகத் தூக்குவார்கள். வலை கிடையாது. வேண்டாத மீன் அதிகம் சாவதும் கிடையாது. அந்தச் சூரையை வேகவைத்து, புகை போட்டு, காயவைத்தால் மாசி. காசிமேட்டில் மீன் வாங்கிப் பழகிய நம் பெண்கள் அங்கே கேட்கும் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கி வை. அவசரப்படுத்தாதே.

பவளத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாக இரு. ஒரு துண்டுகூட யாரும் பையில் போடக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளத்துக்குப் புலிக்கு இருக்கிற பாதுகாப்பு இருக்கிறது. செத்துக் கரை ஒதுங்கியது என்ற சமாதானம் செல்லாது. கண்ணாடிப் படகில் பார்க்கும்போது விளம்பரப் படத்தில் இருக்கும் நிறம் பல இடங்களில் இருக்காது என்பதையும் முன்கூட்டியே சொல். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது, 2024-இலும் வெளுத்தது. வெளுத்த பவளத்தின்மேல் மிதித்து நின்று போட்டோ எடுக்கிறவர்களைத் தயவு பார்க்காமல் கண்டி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்ததையும், வலையும் படகும் கறுத்துக் கிடந்ததையும் பார்த்தவர்கள் நாம். இன்னொருவர் கடலைக் கெடுக்க நமக்கு மனசு வரக் கூடாது.

நுழைவு அனுமதி 1967-ஆம் ஆண்டு விதிகளின்படி எல்லாருக்கும் கட்டாயம். அடையாள அட்டையில் இருக்கிற பெயரும் விண்ணப்பத்துப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். நடுக்கடலில் போன் எடுக்காது, வீட்டில் சொல்லிவிட்டு வரட்டும். லட்சத்தீவின் மக்கள்தொகை 2011 கணக்கில் 64,473, அநேகமாக எல்லாருமே முஸ்லிம்கள். உடையிலும் பள்ளிவாசல் பக்கத்திலும் மரியாதை வேண்டும். கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது. கப்பலில் தீவுக்குடும்பம் படுக்கை விரித்துப் படுத்திருந்தால் "நாங்க பணம் கட்டி வந்திருக்கோம்" என்று ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. அவர்களும் பணம் கட்டித்தான் வருகிறார்கள், அவர்களுக்கு வேறு வழியும் அதிகம் கிடையாது.

பாதுகாப்பைப் பற்றி யாராவது கேட்டால் மழுப்பாதே. 2021 டிசம்பரில் இதே கப்பலின் எஞ்சின் அறையில் தீப்பிடித்து, அறுநூறுக்கும் மேற்பட்ட பயணிகளோடு நடுக்கடலில் நின்றது. தீயை அணைத்தார்கள், கடலோரக் காவல்படை துணைக்கு வந்தது, பயணிகள் பத்திரமாகத் திரும்பினார்கள். இதை நீயே சொல். சொல்லிவிட்டு, கப்பல் ஏறியவுடன் லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது, அவசரத்தில் எந்தத் தளத்தில் கூட வேண்டும் என்று முப்பது பேரையும் நடத்திக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டு.

2024 ஜனவரியில் பிரதமர் போய்வந்த பிறகு லட்சத்தீவுக்குக் கூட்டிப்போகிறோம் என்று கிளம்பியவர்கள் நிறையப் பேர். அவர்கள் போடும் நோட்டீஸைப் பார்த்து உன் நோட்டீஸை எழுதாதே. இந்த ஞாயிற்றுக்கிழமையே எல்லாரையும் மீஞ்சூரில் ஓர் இடத்தில் கூட்டி உட்காரவைத்து, இந்தக் கடிதத்தில் இருப்பதை ஒன்றுவிடாமல் சொல். கேட்டுவிட்டு யாராவது வரவில்லை என்றால், அனுமதி விண்ணப்பம் போடுவதற்குள் அவர்கள் கட்டிய முன்பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிடு.

அன்புடன்,
உன் அக்கா